ஏழு ஒலிம்பிக், ஒன்பது பதக்கம், தங்கம் மட்டும் இல்லை: மெர்லீன் ஓட்டியின் ஓட்டம்

"ஒரு ஒலிம்பிக் தங்கம்கூட வாங்காத மெர்லீன் ஓட்டியை ஏன் இவ்வளவு பெரிய ஓட்டக்காரர் என்கிறார்கள்? அவருக்குத் தங்கம் ஏன் கிடைக்கவில்லை? பொதுவாக ஒரு குறுந்தூர ஓட்டக்காரர் சர்வதேச அளவில் எத்தனை வருடம் ஓட முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் அவர் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கதையாகவே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர், 200 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு உச்சம் பெரும்பாலும் இருபதுகளில் வந்துவிடும். 100, 200 மீட்டர் இரண்டிலும் பெண்கள் உலக சாதனையை வைத்திருக்கும் அமெரிக்காவின் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 29 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டார். உசைன் போல்ட் 2017இல் விடைபெற்றபோது அவருக்கு 31கூட நிறையவில்லை. தொடையின் பின்தசை ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஒரு சீசனே போய்விடுகிற தொழில் இது. பத்து வருடம் உலக அளவில் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். மெர்லீன் ஓட்டி தன் முதல் ஒலிம்பிக்கை 1980இல் ஓடினார். பெரிய போட்டி ஒன்றில் கடைசியாக ஓடியது 2012இல். நடுவில் 32 வருடம்.

அவர் பிறந்தது 1960 மே 10, ஜமைக்காவின் மேற்கு ஓரத்தில் ஹானோவர் மாவட்டத்தில், கோல்ட் ஸ்பிரிங் என்ற கிராமத்தில். பள்ளி நாட்களில் வெறுங்காலோடு ஓடிப் பந்தயம் ஜெயித்த பிள்ளை. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக் நடந்தபோது வயது 16. ஜமைக்காவின் டான் குவாரி 200 மீட்டரில் தங்கமும் 100 மீட்டரில் வெள்ளியும் எடுத்த ஓட்டங்களின் வர்ணனையை ஓட்டி ரேடியோவில் கேட்டார். அதுதான் தன்னை இந்தப் பக்கம் இழுத்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இது நன்றாகப் புரிகிறது. கிரிக்கெட்டை ரேடியோவில் கேட்டு வளர்ந்த எவருக்கும் புரியும். கண்ணால் பார்க்காத ஒன்றை மனசு தானே ஓட்டிப் பார்க்கும், அதில் ஓடுகிற ஆள் மெதுவாக நாமாக மாறிவிடுவோம். அப்புறம் வேர் டெக்னிகல் உயர்நிலைப் பள்ளி. அங்கிருந்து 1979இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம். கரீபியன் தீவிலிருந்து வந்த பெண் நெப்ராஸ்காவின் பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஓடிப் பழகினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாஸ்கோ, 1980. 200 மீட்டர் இறுதி. கிழக்கு ஜெர்மனியின் பார்பெல் வோக்கல் 22.03இல் தங்கம். சோவியத்தின் நதாலியா போச்சினா 22.19இல் வெள்ளி. மூன்றாவதாக 20 வயது ஓட்டி, 22.20. ஆங்கிலம் பேசும் கரீபியன் நாடுகளிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான். (அதே மாஸ்கோவில்தான் 16 வயது பி.டி. உஷாவும் முதல் சுற்றில் ஓடிவிட்டு வந்தார். நான்கு வருடம் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த வலி நமக்குத் தெரியும்.)

22.19, 22.20. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நூறில் ஒரு பங்கு. முதல் பதக்கத்திலேயே ஓட்டியைப் பிடித்த இந்த 0.01 அப்புறம் இருபது வருடம் அவரை விடவே இல்லை.

நூறில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மாவட்ட அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் நான் ஸ்டாப்வாட்ச் பிடித்து நின்றிருக்கிறேன். முடிவுக் கோட்டின் நேர்க்கோட்டில் படிக்கட்டு மாதிரி ஒரு மர மேடை, அதில் ஒரு லேனுக்கு மூன்று பேர். நூறு மீட்டர் தள்ளி நிற்கிற ஸ்டார்ட்டரின் துப்பாக்கிப் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும், சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது. சத்தம் வந்து சேர்வதற்குள் கால் வினாடிக்கு மேல் போய்விடும். ஓடி முடித்ததும் மூன்று கடிகாரமும் மூன்று நேரம் காட்டும். பத்தில் ஒன்று, இரண்டு என்று வித்தியாசம் வருவது சாதாரணம். நடுவில் இருப்பதை எடுத்து எழுதிக்கொள்வோம். அதாவது, பழகிய மூன்று பேர் கண்ணை அகல விரித்துப் பார்த்தும் தவறுகிற அளவே நூறில் பத்து பங்கு. ஓட்டி வாழ்க்கை முழுக்க இழந்தது நூறில் ஒன்று, சில சமயம் அதற்கும் கீழே. மனிதக் கண்ணால் அந்தத் தோல்வியைப் பார்க்கவே முடியாது.

1982 காமன்வெல்த் போட்டியில் 200 மீட்டர் தங்கம், 1983இல் ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலகத் தடகளப் போட்டியில் மரீட்டா கோக்குக்குப் பின்னால் வெள்ளி, 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு வெண்கலம், 1987 ரோமில் இன்னும் இரண்டு வெண்கலம். 1988 சியோலில் 200 மீட்டரை 21.99இல் ஓடியும் நான்காம் இடம்தான். கிரிஃபித் ஜாய்னர் 21.34 ஓடிய பந்தயம் அது. அந்த உலக சாதனை இன்னும் நிற்கிறது. இந்த வருடங்களில்தான் ஓட்டிக்கு 'வெண்கல ராணி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாராட்டு மாதிரி தோன்றினாலும் அது ஒரு குத்தல். எனக்கு அந்தப் பெயர் எப்போதும் பிடித்ததில்லை. 22 வினாடிக்குள் 200 மீட்டர் ஓடிய பெண்ணை அப்படிக் கூப்பிடுவது நியாயமே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரை விட வேகமான பெண் உலகில் இல்லை என்றே சொல்லலாம். 1990 ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் 100, 200 இரண்டிலும் தங்கம். 1991இல் டோக்கியோ உலகப் போட்டிக்கு எல்லோரும் எதிர்பார்த்த வெற்றியாளராகப் போனார். ஜெர்மனியின் காட்ரின் கிராபே இரண்டு தங்கத்தையும் எடுத்தார், அமெரிக்காவின் க்வென் டோரன்ஸ் இரண்டிலும் வெள்ளி, ஓட்டி இரண்டிலும் வெண்கலம். ஒரே ஆறுதல் 4x100 ரிலே. கடைசி ஓட்டக்காரராக பேட்டனை வாங்கி ஜமைக்காவுக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்தார். போட்டி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 13, பிரஸ்ஸல்ஸில் 200 மீட்டரை 21.64இல் ஓடினார். அதற்கு முன் அதைவிட வேகமாக ஓடியிருந்தவர் கிரிஃபித் ஜாய்னர் ஒருவர்தான். டோக்கியோவில் கிராபே தங்கம் வாங்கிய நேரம் 22.09.

இந்த வேடிக்கையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஓட்டியின் 100 மீட்டர் சிறந்த நேரம் 10.74. அதை ஓடியது 1996 செப்டம்பர் 7, மிலான் நகரில். அட்லான்டா ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதி முடிந்து ஆறு வாரம் கழித்து, 36 வயதில். இரண்டு சொந்த சாதனைகளும் பெரிய போட்டி முடிந்த பிறகுதான் வந்திருக்கின்றன. அவர் கலந்துகொண்ட ஏழு ஒலிம்பிக்கின் 100, 200 மீட்டர் இறுதிகளை எடுத்து, தங்கம் வாங்கிய நேரங்களோடு 10.74ஐயும் 21.64ஐயும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிரிஃபித் ஜாய்னர் ஓடிய 1988ஐத் தவிர மற்ற எல்லா வருடத்திலும் அந்த நேரங்கள் தங்கத்துக்குப் போதும். கால்களில் வேகம் இருந்தது. அந்த வேகம் அந்த நாளில், அந்த மணி நேரத்தில் வரவில்லை.

ஏன் வரவில்லை? என் கணிப்பைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் நடக்கும் கிராண்ட் பிரீ என்ற ஒருநாள் தடகளப் பந்தயம் என்றால் ஒரே ஓட்டம். வந்து ஓடிவிட்டுப் போகலாம். ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் அப்போதெல்லாம் 100 மீட்டருக்கு நான்கு சுற்று, 200 மீட்டருக்கு நான்கு சுற்று, மேலே ரிலே. ஒன்பது, பத்து முறை முழு வேகத்தில் வெடித்துக் கிளம்ப வேண்டும். ஓட்டி ஏறக்குறைய எல்லாப் பெரிய போட்டியிலும் இரண்டையும் ஓடினார். இரண்டாவது காரணம் அவருடைய தொடக்கம். துப்பாக்கி வெடித்ததும் அம்பு மாதிரி கிளம்புகிறவர் இல்லை அவர். முதல் 30 மீட்டரில் பின்தங்கி, உடம்பு நிமிர்ந்த பிறகு நீண்ட எட்டுகளில் மற்றவர்களை ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டே வருவார். அந்த மாதிரி ஓட்டத்துக்கு 100 மீட்டர் எப்போதும் இரண்டு எட்டு குறைவாகத்தான் இருக்கும்.

1992 பார்சிலோனா அதற்கு ஓர் உதாரணம். 100 மீட்டர் இறுதியில் அமெரிக்காவின் கெயில் டிவர்ஸ் 10.82, ஜூலியட் கத்பர்ட் 10.83, இரினா பிரிவலோவா 10.84, டோரன்ஸ் 10.86, ஓட்டி 10.88. முதல் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நூறில் ஆறு பங்கு! 10.88 ஓடி ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பினார். 200 மீட்டரில் மறுபடி வெண்கலம்.

நெப்ராஸ்கா உள்ளரங்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? 1993 பிப்ரவரி 13, பிரான்சின் லியேவான் நகரத்தில் உள்ளரங்கு 200 மீட்டரை ஓட்டி 21.87இல் ஓடினார். உள்ளரங்கு ஓடுதளம் ஒரு சுற்றே 200 மீட்டர்தான். வளைவுகள் நெருக்கமாக இருக்கும், கிண்ணத்தின் ஓரம் மாதிரி சாய்த்துக் கட்டியிருப்பார்கள். முழு வேகத்தில் ஓடும்போது அந்த வளைவு ஆளை வெளியே தள்ளும். உள் லேன் கிடைத்தவருக்கு அது தண்டனை மாதிரி. இந்த ஏற்றத்தாழ்வு காரணமாகவே பின்னால் உலக உள்ளரங்குப் போட்டியிலிருந்து 200 மீட்டரையே எடுத்துவிட்டார்கள். அந்தத் தளத்தில் 22 வினாடிக்குள் ஓடிய முதல் பெண் ஓட்டி. அந்த 21.87 இன்றும் உலக சாதனை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதே வருடம் ஆகஸ்ட், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட். உலகப் போட்டி 100 மீட்டர் இறுதி. கெயில் டிவர்ஸ் தொடக்கத்திலேயே முன்னால் போய்விட்டார். பாதிக்கு மேல் ஓட்டி நெருங்க ஆரம்பித்தார், கோட்டில் இரண்டு பேரும் ஒன்றாக விழுந்த மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கும் தெரியவில்லை, அரங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. நடுவர்கள் ஃபோட்டோ ஃபினிஷ் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்தப் படம் நாம் எடுக்கிற போட்டோ மாதிரி கிடையாது. கேமரா முடிவுக் கோட்டை மட்டும், ஒரு மெல்லிய கீற்றை மட்டும், திரும்பத் திரும்பப் பதிந்துகொண்டே இருக்கும். கீற்றுகளை வரிசையாகச் சேர்த்தால் ஒரு படம் கிடைக்கும். அதில் இடமிருந்து வலம் தூரம் இல்லை, நேரம்தான் ஓடும். அதனால்தான் அந்தப் படங்களில் கால்கள் விசித்திரமாக நீண்டோ குறுகியோ தெரியும். நடுவர் அதன் மேல் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி, உடல் எங்கே தொடுகிறது என்று பார்ப்பார். தலை கணக்கில் வராது, கை வராது, கால் வராது. கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு மட்டும்தான். தோள் முந்தினால் வெற்றி.

டிவர்ஸ் 10.811, ஓட்டி 10.812 என்று வந்தது. நூறில் பங்காக எழுதும்போது எப்போதும் மேல் பக்கமாகத்தான் முழுமையாக்க வேண்டும் என்பது விதி, அதனால் அதிகாரப்பூர்வ முடிவில் இரண்டு பேருக்கும் 10.82. தங்கம் டிவர்ஸுக்கு, வெள்ளி ஓட்டிக்கு. ஜமைக்கா ஆட்சேபம் தெரிவித்தது, பலிக்கவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது அந்த வேகத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், நம் சுண்டுவிரல் நகத்தின் அகலம். பதக்க மேடையில் ஓட்டி ஏறியபோது அரங்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஏறக்குறைய மூன்று நிமிடம் நிற்கவே இல்லை. ஜெர்மன் ரசிகர்கள், ஒரு ஜமைக்காக்காரருக்கு, அதுவும் இரண்டாவது வந்தவருக்கு.

சில நாள் கழித்து அதே தளத்தில் 200 மீட்டர். இந்த முறை ஓட்டி 21.98, டோரன்ஸ் 22.00. திறந்தவெளி உலகப் போட்டியில் முதல் தனிநபர் தங்கம், 33 வயதில்! நூறில் இரண்டு பங்கு ஒரே ஒருமுறை அவர் பக்கம் சாய்ந்தது. 1995 கோத்தன்பர்கில் இந்தப் பட்டத்தை மறுபடி எடுத்தார். அதில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்கக் கூடாது. அந்த இறுதியில் டோரன்ஸ் 21.77இல் முதலில் வந்தார், ஆனால் வளைவில் லேன் கோட்டை மிதித்ததற்காகத் தகுதி நீக்கினார்கள். 22.12 ஓடிய ஓட்டிக்குத் தங்கம் வந்தது. 35 வயதில் உலகச் சாம்பியன் என்பது உண்மை. அன்றைக்கு வேகமானவர் டோரன்ஸ் என்பதும் உண்மை.

1996 அட்லான்டா. எழுதும்போதே கை தயங்குகிறது. மறுபடி 100 மீட்டர் இறுதி, மறுபடி கெயில் டிவர்ஸ், மறுபடி ஃபோட்டோ ஃபினிஷ். இரண்டு பேருக்கும் 10.94. தங்கம் டிவர்ஸுக்கு. 200 மீட்டரில் மரீ ஜோஸ் பெரெக் 22.12, ஓட்டி 22.24, இன்னொரு வெள்ளி. ரிலேயில் வெண்கலம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வோமே, அதை ஒரு படமாகக் காட்டச் சொன்னால் அந்த 10.94, 10.94ஐத்தான் காட்டுவேன்.

1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில் இலங்கையும் இந்தக் கதைக்குள் வருகிறது. முதலில் 100 மீட்டர் இறுதி. தவறான தொடக்கம் என்று திரும்ப அழைக்கும் சத்தம் ஓட்டிக்குக் கேட்கவில்லை. பாதிக்கு மேல் முழு வேகத்தில் ஓடிய பிறகுதான் தனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்திருக்கிறார். 37 வயது உடம்பு. திரும்பி நடந்து வந்து, மறுபடி ஸ்டார்ட்டிங் பிளாக்கில் (கால் ஊன்றிக் கிளம்பும் கட்டையில்) உட்கார்ந்து ஓடினார், ஏழாம் இடம். முழு வேகத்தில் ஒருமுறை ஓடிவிட்டால் கால் தசையில் இருந்த கையிருப்பு கரைந்துவிடும், அது நிரம்பச் சில நிமிடங்களாவது வேண்டும். அந்த ஓட்டத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் நான் திரையைப் பார்த்து "நில்லுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் 200 மீட்டர். உக்ரைனின் ஜான்னா பின்டுசெவிச் 22.32. வெள்ளி இலங்கையின் சுசந்திகா ஜெயசிங்க, 22.39. வெண்கலம் ஓட்டி, 22.40. மாஸ்கோவில் போச்சினா, ஏதென்ஸில் சுசந்திகா, நடுவில் 17 வருடம், இடைவெளி அதே நூறில் ஒன்று. உலகப் போட்டியில் அது ஓட்டியின் 14ஆவது பதக்கம். அதை அதற்குப் பிறகு முதலில் தாண்டியவர் அமெரிக்காவின் அலிசன் ஃபீலிக்ஸ்.

1999இல் வந்தது மோசமான அடி. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் போட்டியில் எடுத்த மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து இருந்ததாக அறிவித்தார்கள். தான் எடுக்கவே இல்லை என்று ஓட்டி சொன்னார். அந்த வருட உலகப் போட்டியை இழந்தார். 2000 ஜூலையில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் தடையை நீக்கியது. நான் ஓட்டியின் ரசிகன் என்பதால் இதை விட்டுவிட்டுப் போவது சரியாக இருக்காது; குற்றச்சாட்டும் வந்தது, விடுவிப்பும் வந்தது, இரண்டும் அவர் வரலாற்றில் இருக்கிறது. தடை நீங்கிய அடுத்த மாதமே, 40 வயதில், கிரீஸின் தெசலோனிக்கியில் 100 மீட்டரை 10.99இல் ஓடினார். நாற்பதில் பதினொரு வினாடிக்குள்.

ஆனால் ஜமைக்காவின் தகுதிப் போட்டியில் அவர் 100 மீட்டரில் நான்காவது. தனிநபர் ஓட்டத்துக்கு மூன்று பேர்தான் போக முடியும். முதலில் வந்த பீட்டா கே டவுடிக்குப் பதிலாக ஓட்டியை இறக்குவதென்று முடிவானது. சிட்னி ஒலிம்பிக் கிராமத்திலேயே ஜமைக்கா வீரர்கள் சிலர் இதை எதிர்த்துப் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். தகுதிப் போட்டியில் ஜெயித்தவளின் இடம் அவளுடையது. இன்னொரு பக்கம், இறுதியில் யார் வேகமாக ஓடுவார் என்று தேர்வாளர்கள் போட்ட கணக்கும் தப்பவில்லை. ஓட்டி இறுதிக்குப் போனார். மரியன் ஜோன்ஸ் 10.75இல் முதலில், கிரீஸின் எகடெரினி தானு 11.12, ஜமைக்காவின் டெய்னா லாரன்ஸ் 11.18, ஓட்டி 11.19. நான்காவது இடம். வெண்கலத்துக்கு எவ்வளவு குறைவு? நூறில் ஒன்று. இந்த முறை அந்த 0.01 சொந்த நாட்டுப் பெண்ணுக்குப் போனது. ரிலேயில் லாரன்ஸ், 18 வயது வெரோனிகா கேம்பல், பெவர்லி மெக்டொனால்ட், கடைசியில் 40 வயது ஓட்டி என்று ஓடி வெள்ளி எடுத்தார்கள்.

2007இல் மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு சிட்னி பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த இடங்களை என்ன செய்வது என்று முடிவெடுக்க 2009 டிசம்பர் வரை ஆனது. 2004இல் பரிசோதனையைத் தவறவிட்ட விவகாரத்தில் சிக்கியிருந்த தானுவுக்கு 100 மீட்டர் தங்கத்தைக் கொடுக்க ஒலிம்பிக் கமிட்டி மறுத்துவிட்டது. தங்கம் யாருக்கும் இல்லை, தானுவுக்கும் லாரன்ஸுக்கும் வெள்ளி, ஓட்டிக்கு வெண்கலம். அதே முடிவில்தான் சிட்னி 200 மீட்டரில் மூன்றாவதாக வந்திருந்த சுசந்திகாவின் வெண்கலமும் வெள்ளியானது. ஏதென்ஸில் நூறில் ஒரு பங்கில் பக்கத்துப் பக்கத்தில் வந்த இரண்டு பேருக்கும் ஒன்பது வருடம் தாமதமாக ஒரே காகிதத்தில் நியாயம் வந்தது. ஓட்டிக்கு அப்போது 49 வயது. ஒலிம்பிக் பதக்கக் கணக்கு ஒன்பதானது: மூன்று வெள்ளி, ஆறு வெண்கலம்.

சிட்னிக்குப் பிறகு ஜமைக்காவோடு உறவு கசந்தது. ஏற்கெனவே ஸ்லோவேனியாவின் லியூப்லியானா நகரத்தில் தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர், 2002இல் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி அதற்காக ஓடத் தொடங்கினார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அவருக்கு ஏழாவது. தடகளத்தில் ஏழு ஒலிம்பிக் கண்டவர் அதுவரை யாரும் இல்லை. 44 வயதில் 100 மீட்டர் அரையிறுதி வரை போனார். 200 மீட்டர் அரையிறுதியில் காயத்தோடு பாதியில் நின்றுவிட்டார். அடுத்த நாள் அதே 200 மீட்டரில் தங்கம் வாங்கியவர் யார் தெரியுமா? நான்கு வருடம் முன்பு சிட்னி ரிலேயில் அவரோடு ஓடிய வெரோனிகா கேம்பல். குறுந்தூர ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் எடுத்த முதல் ஜமைக்கப் பெண். அடுத்து 2008இல் ஷெல்லி ஆன் ஃப்ரேசர், அப்புறம் எலேன் தாம்சன் என்று வரிசை நீண்டது. ஜமைக்காப் பெண்கள் இன்று ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உட்கார்ந்தாலே தங்கம் எதிர்பார்க்கிறோம். ஓட்டி மாஸ்கோவில் உட்கார்ந்தபோது அப்படி எதிர்பார்க்க ஒரு முன்னுதாரணமும் இல்லை.

2007 ஒசாகா உலகப் போட்டியில் 47 வயதில் முதல் சுற்றில் ஓடினார். 2008 ஒலிம்பிக் தகுதி நேரத்தை 48 வயதில் துரத்தினார், எட்டவில்லை. 2010 பார்சிலோனா, 2012 ஹெல்சிங்கி ஐரோப்பியப் போட்டிகளில் ஸ்லோவேனியாவின் 4x100 ரிலே அணியில் ஓடினார். ஹெல்சிங்கியில் அவருக்கு வயது 52. பேட்டனைக் கொடுத்து வாங்கிய மற்ற பெண்களுக்கு அம்மா வயது. முதல் உலகப் போட்டியில் 1983இல் வெள்ளி வாங்கிய அதே ஊர் அது.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன், ஏன் பெரியவர் என்று. தங்கத்தை மட்டும் எண்ணினால் அவர் பட்டியலில் கீழேதான் வருவார். நான் வேறு மாதிரி எண்ணுகிறேன். 1980 இறுதியில் அவரோடு ஓடியவர்கள் போன பிறகு கிரிஃபித் ஜாய்னர் தலைமுறை வந்தது. அது போன பிறகு டிவர்ஸும் டோரன்ஸும் வந்தார்கள். அவர்களும் ஓய்ந்த பிறகு ஜோன்ஸ், சுசந்திகா, கேம்பல். ஒவ்வொரு தலைமுறையும் ஒருமுறை வந்து போயிற்று. எல்லோருக்கும் பக்கத்து லேனில் இவர் இருந்தார். அவரை யாரும் எளிதாகத் தோற்கடித்ததில்லை. தோற்கடிக்க ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா வேண்டியிருந்தது.

நீங்கள் அவர் ஓடிப் பார்த்ததில்லை என்றால் 1993 ஸ்டுட்கார்ட் 100 மீட்டரில் இருந்து ஆரம்பியுங்கள். முதல் தடவை எல்லோரும் டிவர்ஸைத்தான் பார்ப்பார்கள், அவர்தான் முன்னால் இருப்பார். இரண்டாவது தடவை ஓட்டியை மட்டும் பாருங்கள். ஐம்பது மீட்டருக்கு மேல் முகத்தில் இறுக்கமே இருக்காது, தோள் இறங்கியிருக்கும், முழங்கால் மட்டும் உயர்ந்துகொண்டே போகும். மற்றவர்கள் எல்லோரும் வேகம் குறைகிற இடத்தில் அவர் மட்டும் குறையாமல் வருவார். கோட்டைத் தாண்டியதும் பெரிய திரையைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையை நிறுத்தி வைத்துப் பாருங்கள்.